குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது? தக்கவைப்பது எப்படி?

நம் குடும்பங்களில் எடைக் குறைப்பு என்ற பேச்சு பெரும்பாலும் மூன்று சமயங்களில்தான் எழுகிறது. பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ நிக்காஹ் தேதி குறித்தவுடன். ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்து மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போகும்போது. சர்க்கரைப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவர் எச்சரிக்கும்போது. மூன்றிலும் ஓர் அவசரம் இருக்கிறது. சோற்றை அறவே நிறுத்துவார்கள், காலையில் ஒரு தூள், இரவில் ஒரு தூள் என்று பானம் குடிப்பார்கள், இரண்டு மாதத்தில் எட்டு கிலோ குறையும். பார்ப்பவர்கள் எல்லாம் "மாஷா அல்லாஹ்" என்பார்கள். அடுத்த ஆண்டு அதே மனிதரைப் பார்த்தால் பழைய எடை, சிலருக்கு அதற்கும் மேலே இரண்டு கிலோ.

"ஹஜ்ரத், எனக்கு நப்ஸைக் கட்டுப்படுத்தவே தெரியவில்லை" என்று நம்மிடம் வருந்திச் சொல்லும் சகோதரர்கள் உண்டு. வீட்டுப் பெண்களைப் பற்றி மற்றவர்கள் இதைவிடக் கடுமையாகப் பேசுவதையும் கேட்கிறோம். எடை திரும்பி வந்ததை மனக் கட்டுப்பாட்டின் தோல்வியாக மட்டுமே பார்ப்பது சரியல்ல என்பதையும், அந்த உடலோடு எப்படி இணங்கிப் போவது என்பதையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் உணவைச் சட்டென்று குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு பழையபடி இருந்து உணவு மட்டும் குறைந்தால், சில மருந்துகளால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இரத்த அழுத்த மாத்திரைக்கும் எடை குறையக் குறைய அளவு மாற்றம் தேவைப்படலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தாமாக எந்தக் கட்டுப்பாட்டிலும் இறங்க வேண்டாம்.

உடல் ஏன் எதிர்க்கிறது?

நாம் குறைவாகச் சாப்பிடுவது நிக்காஹுக்காகவா, ஊரில் பஞ்சம் வந்ததாலா என்று உடலுக்குத் தெரியாது. இரண்டுக்கும் அது ஒரே விதமாகவே பதில் சொல்கிறது. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இருப்பு போதுமானதாக இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் தகவல் அது. கொழுப்பு கரைந்தால் லெப்டின் இறங்குகிறது. வயிற்றில் சுரந்து பசியைக் கிளப்பும் கிரெலின் ஏறுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 50 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். 10 வாரம் மிகக் குறைந்த உணவில் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களுக்கு, ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதாவது உணவுக் கட்டுப்பாடு முடிந்து ஓராண்டு ஆன பின்னும் அவர்களுக்கு முன்பைவிட அதிகமாகப் பசித்தது.

இன்னொரு பக்கம், உடல் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. சம்பளம் குறைந்த வீட்டில் விளக்கையும் விசிறியையும் அணைத்து வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது ஆய்வாளராக இருந்த கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டதன்படி, ஒரு கிலோ குறைந்தால் உடலின் தினசரிச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ கிலோவுக்கு 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. பத்து கிலோ குறைத்தவரின் நிலைமையை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதற்குப் பலரும் அறிந்த உதாரணம், அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற எடைக் குறைப்புப் போட்டி. அதில் கலந்துகொண்டவர்கள் தினமும் பல மணி நேரம் உடற்பயிற்சி செய்து, உணவைக் கடுமையாகக் குறைத்து, சில மாதங்களில் சராசரியாக 58 கிலோ இழந்தார்கள். அவர்களில் 14 பேரை ஹால் குழுவினர் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் பரிசோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதைவிட வியப்பு, அந்த எடையும் வயதும் உள்ள ஒருவர் ஓய்வில் செலவிட வேண்டியதைவிட அவர்களுடைய உடல் தினமும் சுமார் 500 கலோரி குறைவாகச் செலவிட்டுக்கொண்டிருந்தது. ஆறு ஆண்டு கழித்தும்!

மெதுவாகக் குறைத்தால் மட்டும் போதுமா?

இங்கே ஒரு பொதுவான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. வேகமாகக் குறைத்தால் வேகமாக வரும், மெதுவாகக் குறைத்தால் வராது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இதையே சோதித்தார்கள். 204 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 12 வாரத்திலும் மற்றவர்களுக்கு 36 வாரத்திலும் எடை குறையும்படி திட்டம் கொடுத்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, குறைத்தவர்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் இழந்த எடையில் ஏறத்தாழ 71 சதவீதத்தைத் திரும்பப் பெற்றார்கள். இரு பிரிவிலும் அதே கதைதான்.

அப்படியானால் மெதுவாகக் குறைப்பதில் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேகத்தில் இல்லை. வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. போதிய புரதமும் பயிற்சியும் இல்லாமல் வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. இவை ஒருபுறம் இருக்கட்டும். முக்கியமான பயன், படிப்படியாகக் குறைப்பவருக்கு வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளக் கூடிய ஒரு பழக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நேரம் கிடைக்கிறது என்பதே. அந்த நேரத்தை அதற்காகப் பயன்படுத்தாமல் 'எப்போது முடியும்' என்று நாள் எண்ணுபவருக்கு, 12 வாரமும் ஒன்றுதான், 36 வாரமும் ஒன்றுதான். எடைக் குறைப்பு என்பது ஒரே தடவையில் அடைத்துவிட்டு மறந்துவிடும் கடன் அல்ல, மாதாமாதம் கொடுக்கும் வாடகை. கொடுக்க முடிகிற வாடகைக்குத்தான் வீடு பார்க்க வேண்டும்.

குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்ற கருத்திலுள்ள நபிமொழியை நாம் அனைவரும் பயான்களில் கேட்டிருக்கிறோம். அது வணக்கத்தைப் பற்றியது என்றாலும், உடல் விஷயத்தில் அதன் கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்க முடிகிறது. ஹால் குழுவினர் 2011இல் கொடுத்த கணக்கு இது: தினசரி உணவில் நிரந்தரமாக 24 கலோரி குறைத்தால், காலப்போக்கில் எடை ஒரு கிலோ இறங்கி அங்கேயே நிற்கும். அதில் பாதி முதல் ஆண்டிலும், ஏறத்தாழ முழுவதும் மூன்று ஆண்டுகளிலும் கிடைக்கும். 'நிரந்தரமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். குறைத்ததைப் பழையபடி கூட்டினால் எடையும் பழையபடி ஏறும்.

நம் அடுப்படிக் கணக்கு

ஒருவர் நாளுக்கு நாலு டீ குடிக்கிறார், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் மொத்தம் 32 கிராம். கிராமுக்கு 4 கலோரி வீதம் 128 கலோரி. டீயைக் குறைக்க வேண்டாம், சர்க்கரையை மட்டும் அரைத் தேக்கரண்டியாக்கினால் 96 கலோரி மிச்சம். மேலே சொன்ன கணக்கின்படி இது நாலு கிலோ. ஒரே நாளில் அரைக் கரண்டிக்கு வந்தால் டீ வாயில் வைக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறைத்துப் பாருங்கள். ஆறு வாரத்தில் நாக்கு பழகிவிடும், பிறகு ஹோட்டல் டீ தித்திப்பாகத் தெரியும்.

எண்ணெய் இன்னும் பெரிய கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெயில் எட்டாயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது. மூன்று லிட்டரில் மாதத்தை ஓட்டினால் தலைக்கு நாளுக்குச் சுமார் 70 கலோரி குறையும், அதாவது ஏறக்குறைய மூன்று கிலோ. இதை அடுப்புக்கு முன்னால் நின்று அளக்க வேண்டாம், மளிகைச் சீட்டிலேயே குறைத்து எழுதுங்கள். ஆணத்தில் மேலே எண்ணெய் மிதந்தால்தான் ருசி என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுத்து வைத்துவிட்டுப் பரிமாறினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

டீயும் எண்ணெயும் சேர்ந்து ஏழு கிலோ. முதல் ஆண்டில் மூன்றரை. 80 கிலோ உள்ளவருக்கு இது சாதாரண லாபமல்ல என்பதைக் கீழே சொல்கிறோம். இதைவிடச் சற்று வேகமாக, வாரம் அரைக் கிலோ என்ற அளவில் மருத்துவர் குறைக்கச் சொன்னால், சோற்றில் கை வைக்க வேண்டியிருக்கும். தட்டில் பாதி காய்கறி, கால் பகுதி சோறு அல்லது இடியாப்பம், கால் பகுதி மீன், கோழி, முட்டை, பருப்பு, சுண்டல் என்று பிரித்துக்கொள்வது எளிய வழி. நம் தட்டுகளில் இறைச்சிக்குக் குறைவில்லை. காணாமல் போயிருப்பது காய்கறிதான். பிரியாணியோடு வரும் தயிர்ப் பச்சடியைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பவர்களை என்ன சொல்வது!

ஒரே சஹனில் சேர்ந்து உண்ணும் ஊர்களில், யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பது யாருக்கும் தெரியாது. சேர்ந்து உண்பதில் பரக்கத் இருக்கிறது, அதை விடச் சொல்லவில்லை. சஹனில் வைக்கும் சோற்றின் அளவை முதலிலேயே குறைத்துக்கொண்டு, கேட்பவருக்கு மட்டும் மறுபடி வைக்கலாம். 'இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்தி வைப்பதுதான் விருந்தோம்பல் என்ற பழக்கத்தைப் பெரியவர்கள் முன்னின்று விட வேண்டும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை வலீமா மேடையில் பேசிவிட்டு, அதே மண்டபத்தில் அடுத்தவர் தட்டில் வலுக்கட்டாயமாகக் கொட்டுவது பொருந்துமா?

வெள்ளிக்கிழமை, நோன்பு, பெருநாள்

எடையைத் தக்கவைத்தவர்கள் யார், என்ன செய்கிறார்கள் என்று அறிய அமெரிக்காவில் 1994இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது அதைக் காத்தவர்கள்தான் அதில் சேர முடியும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். தாமாக முன்வந்தவர்களின் பதிவேடு என்பதால் எல்லாருக்கும் பொருந்தும் சட்டமாக அதைக் கொள்ள முடியாது. ஆயினும் அவர்களிடம் கண்ட சில பழக்கங்கள் கவனிக்கத்தக்கவை. நாலில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். ஏறத்தாழ அதே அளவினர் தினமும் காலையில் பசியாறுகிறார்கள். பெரும்பாலோர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள், அதிலும் நடையே அதிகம். வார நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் ஒரே மாதிரி உண்பவர்கள், விடுமுறையில் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிடுபவர்களைவிட எடையைக் காப்பதில் ஒன்றரை மடங்கு வெற்றி பெற்றிருந்தார்கள்.

நமக்கு இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். சனி முதல் வியாழன் வரை ஓட்ஸ், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் முழுத் தட்டு பிரியாணி, இரவு பரோட்டா என்ற முறை நிலைக்காது. வெள்ளிக்கிழமை பிரியாணி உங்கள் வாழ்க்கையில் இருக்கப் போகிறது என்றால், அளவான பிரியாணியோடுதான் திட்டமே போட வேண்டும்.

நோன்பின் நோக்கம் இறையச்சம். அதை எடைக் குறைப்புத் திட்டமாக விளம்பரம் செய்வது நமக்கு உடன்பாடில்லை. எடைக்கு அது பெரிய மருந்தும் அல்ல. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ரமளானில் சராசரியாக ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ குறைகிறது, சில வாரங்களில் அது திரும்பிவிடுகிறது. காரணம் வெளிப்படை. நோன்புக் கஞ்சியோடு சமோசாவும் வடையும் ரோஸ்மில்க்கும், தராவீஹ் முடிந்து மறுபடி ஒரு சாப்பாடும் என்றால் பகலில் விட்டது இரவில் வந்து சேர்கிறது. கஞ்சி நல்ல உணவுதான், அதைச் சுற்றி வைக்கும் பொரித்த பண்டங்களை முப்பது நாளும் வைக்காமல் வாரம் ஒன்றிரண்டு நாளோடு நிறுத்தலாம். திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்புகளைப் பற்றியும் கேட்கிறார்கள். விட்டு விட்டு உண்ணாமல் இருக்கும் முறைகள், அன்றாடம் அளவாக உண்பதைவிட எடையில் மேலான பலன் தருவதாக நிறுவப்படவில்லை. நன்மையை நாடி நோற்பவர் நோற்கட்டும், உடலுக்கும் கேடில்லை.

நடை

உணவுக் குறைப்புதான் எடையை இறக்குகிறது, நடை மட்டும் பெரிதாக இறக்குவதில்லை. இறங்கியதைக் காப்பதில்தான் நடையின் பங்கு பெரிது. மேலே சொன்ன தொலைக்காட்சிப் போட்டியாளர்களில் ஆறு ஆண்டு கழித்தும் எடையைக் காத்தவர்கள், மற்றவர்களைவிட மிக அதிகமாக உடலை இயக்கியிருந்தார்கள். அது நாளுக்கு 80 நிமிட மிதமான உழைப்புக்கு ஈடானது.

ஒரு மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து பள்ளிவாசல் அரைக் கிலோமீட்டர் என்றால், ஐவேளையும் நடந்து போய் வந்தால் ஐந்து கிலோமீட்டர். அது ஏறத்தாழ ஒரு மணி நேர நடை. அரைக் கிலோமீட்டருக்கு பைக்கை எடுத்துக்கொண்டு வந்து பள்ளிவாசல் வாசலில் நிறுத்த இடம் தேடும் நம் இளைஞர்கள் இதை யோசிக்கலாம். வளைகுடா நாடுகளில் பல ஆண்டு உழைத்து ஊர் திரும்பும் சகோதரர்கள், அங்கே வேலையில் இருந்த உடல் அசைவும் இல்லாமல், இங்கே விருந்துக்கு மேல் விருந்தாக உண்டு முதல் ஆண்டிலேயே எடை கூடிவிடுகிறார்கள். வந்த வாரமே நடையைத் தொடங்கிவிடுவது நல்லது.

பெண்களுக்குத்தான் நம் ஊர்களில் வசதி குறைவு. பூங்கா இல்லை, தெருவில் நடந்தால் பேச்சு. மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடக்கலாம். ஆனால் அந்த அரை மணி நேரத்தை யாராவது அவர்களுக்கு ஒதுக்கித் தர வேண்டும். ஃபஜ்ருக்குப் பின் கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் இது நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது.

எவ்வளவு குறைத்தால் போதும்?

இந்தியர்களுக்கு உடல் நிறை எண் 23ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்று கொள்கிறார்கள். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு முறையே சுமார் 62.5 கிலோவும் 68 கிலோவும் ஆகும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80க்குள்ளும் இருக்க வேண்டும். தையல்காரர் நாடா ஒன்று போதும் இதற்கு.

ஆனால் இந்த எண்ணை எட்டாவிட்டால் எல்லாம் வீண் என்று நினைக்காதீர்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும்தான் இலக்கு. 2002இல் வந்த முடிவு, சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது என்றது. 80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது 5.6 கிலோ. டீயும் எண்ணெயும் சேர்ந்து தரும் ஏழு கிலோவை நினைத்துப் பாருங்கள். நம் சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஆறுதலானது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. ஆனாலும் மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. தராசு முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது.

இப்போது பேசப்படும் செமக்ளுடைடு போன்ற ஊசிகள் பலன் தருபவைதான். தேவையானவர்கள் மருத்துவர் சொன்னால் போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வு காட்டியிருக்கிறது. நிக்காஹுக்கு மூன்று மாதம் முன்பு போட்டு, முடிந்ததும் நிறுத்தும் எண்ணத்தில் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். பெண் பார்க்க வருபவர்கள் எடையைக் குறைகூறிப் பேசியதால் பிள்ளைகள் இப்படியெல்லாம் இறங்குகிறார்கள். பட்டப்பெயர் சூட்டிக் கேலி செய்வதைத் தடுக்கும் வசனம் 49ஆம் அத்தியாயத்தில் 11ஆவதாக இருக்கிறது. 'குண்டு' என்று வீட்டுக்குள் செல்லமாக அழைப்பதும் அந்தப் பிள்ளையின் காதில் செல்லமாக விழுவதில்லை.

எடை ஏறத் தொடங்கினால்

தக்கவைப்பதற்கென்றே அமெரிக்காவில் 314 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். அதில் கற்றுக்கொடுத்த முறை, சாலை விளக்கைப் போன்றது. குறைத்த எடையிலிருந்து 1.3 கிலோ வரை ஏறினால் பச்சை, ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்கு மேல் மஞ்சள், எங்கே கூடியது என்று பார்க்க வேண்டும். 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு, முதலில் எடை குறைத்தபோது என்ன செய்தோமோ அதை அன்றே மீண்டும் தொடங்க வேண்டும். நேரில் இதைப் பயின்றவர்களில் 18 மாதத்துக்குள் சிவப்புக்குப் போனவர்கள் 46 சதவீதம், பயிலாதவர்களில் 72 சதவீதம்.

வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே தராசில் பாருங்கள். உப்பான பிரியாணி சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடித் தெரிவது பெரும்பாலும் தண்ணீர்தான், பதற வேண்டாம். இரண்டு ஆண்டுகள் இப்படிக் காத்துவிட்டால் அதன் பிறகு தவறும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்று அந்த 1994 பதிவேட்டினர் கண்டிருக்கிறார்கள். பெருநாள் வாரத்தில் மட்டும் தராசில் ஏற வேண்டாம். விருந்துகள் ஓய்ந்து பத்து நாள் கழித்து ஏறிப் பார்த்து, எந்த நிறம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.